கண்ணுக்குள் நீந்திய மீன் கூட்டம்

கண்ணுக்கு முன்னால் திடீரென்று கறுப்புப் பொட்டுகள் பறந்தால், ஓரத்தில் மின்னல் வெட்டினால், ஒரு பக்கமாகத் திரை விழுந்தது போல் இருட்டினால், அன்றைக்கே போய்க் காட்டுங்கள். வாயில் கிடக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போங்கள். நான் பதினொரு நாள் சும்மா இருந்தேன். அந்தப் பதினொரு நாளும் என் கண்ணுக்குள் இருந்த நோயை மீன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். இப்போது நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ், சிரிக்கும்படியாக முடிந்தது.

என் வேலை கடல் பார்ப்பது. சாய்ந்தமருதுக் கரையில் எங்களுக்கு ஒரு கரைவலை இருந்தது. வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு நுனிக் கயிறுகளையும் கரையில் நின்று முப்பது பேர் இழுப்பார்கள். எப்போது விடுவது, எந்த இடத்தில் விடுவது என்று சொல்ல ஒருவன் வேண்டும். மீன் கூட்டமாக வந்தால் அந்த இடத்தில் கடல் கறுக்கும். மேகத்தின் நிழல் விழுந்தாலும் கறுக்கும். எது மீன், எது நிழல் என்று தெரிய வேண்டும். வலைக்காரர் குடிசையான வாடிக்குப் பக்கத்து மண்மேட்டில் குந்தியிருந்து பார்த்து, மீன்தான் என்று மனதுக்குப் பட்டதும் தோளில் கிடக்கும் துவாயைத் தூக்கிக் காட்டுவேன். தோணி கிளம்பும். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. என் துவாய்க்கு வெறும் வலை வந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம் என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். தற்பெருமைக்கு எங்கே அடி விழ வேண்டுமோ அங்கேதான் விழுந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தொடங்கி, கடல் குளம் போல் கிடந்த காலம். யுத்த நேரம், கடலுக்குப் போக ஆமிக்காரர் ஒரு நாள் விடுவார்கள், ஒரு நாள் விடமாட்டார்கள். விடுகிற நாளில் கிடைப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு காலையில் கடலைப் பார்க்கிறேன், வடக்குப் பக்கமாக நல்ல கறுப்பு. துவாயைத் தூக்கினேன். வலை வந்தது, அதன் பை போன்ற மடியில் நாலு நண்டும் கொஞ்சம் குப்பையும். அடுத்து கடல் விட்ட நாளிலும் அதுதான். பத்தாம் நாள், மூன்றாவது முறையும் அப்படியே வந்ததும், எனக்குக் கோபம் வந்துவிட்டது. தோணியைக் கொண்டுபோகிறவன் ஹனீபா, என் மனைவியின் தம்பி. அத்தனை பேருக்கும் முன்னால் அவனைப் பிடித்தேன்.

"வெத்தில போட்டு முடிச்சிட்டுத் துடுப்புப் புடிச்சா, மீன் ஒனக்காகக் காத்திருக்குமாடா?"

மறுநாள் அவன் மேட்டில் வந்து என் பக்கத்தில் குந்தினான்.

"மச்சான், இப்ப மீன் கிடக்கா?"

"கிடக்கு. அந்தா, ரெண்டாம் அலைக்கு அங்கால."

"எனக்கு ஒண்டும் தெரியல்ல."

"ஒனக்கு எப்ப தெரிஞ்சிரிக்கி?"

"செரி. இப்ப திரும்பி இந்தத் தென்னையப் பாருங்க."

திரும்பினேன். தென்னையின் தலைக்கு மேல், வெறும் வானத்தில், மீன் கூட்டம் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தது.

ஹனீபா என் முகத்தைப் பார்த்தான். "தலைய ஆட்டிப் பாருங்க," என்றான். ஆட்டினேன். கூட்டமும் ஆடியது. வாடியின் கூரையைப் பார்த்தால் கூரையில், என் கையைப் பார்த்தால் கையில். அப்போதுதான் பயம் வந்தது. வலக்கண்ணை மூடினேன், மீன் போய்விட்டது. இடக்கண்ணை மூடினேன், மீன் வந்தது. கீழ்ப்பக்கம் கால்வாசிக் கடலே இல்லை, சாம்பல் நிறத்தில் எதுவோ மறைத்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்ததால் இத்தனை நாள் அது தெரியவில்லை.

ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தவர் வயது குறைந்த டொக்டர். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கடிதம் எழுதி உறையில் போட்டு, "இண்டைக்கே கொழும்புக்குப் போங்க. தலை குலுங்கக் கூடாது. குனியக் கூடாது. இருமக் கூடாது," என்றார்.

அந்த நாளில் எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போவதையும் தலை குலுங்காமல் இருப்பதையும் ஒன்றாகச் செய்ய முடியாது. ரோடு அப்படி. ஒரு வேன் பிடித்து, பின் இருக்கையில் என்னைப் படுக்க வைத்தார்கள். மனைவி சுபைதா முன்னால் தஸ்பீஹ் மணிமாலையோடு இருந்தாள். ஹனீபா பின்னால் ஏறி, என் தலையைத் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டான். வேன் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அவன் உடம்பு தூக்கிப் போட்டது, என் தலை அசையவில்லை. துடுப்புப் பிடித்த கை. சோதனைச் சாவடிகளில் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். முதலாவது இடத்தில் சிப்பாய் ஒருவன் கடிதத்தைப் பார்த்தான், என் கண்ணைப் பார்த்தான், "இறங்க வேண்டாம், மெல்லப் போ," என்று சிங்களத்தில் சொல்லி, ஹனீபாவையும் உட்காரச் சொல்லிக் கைகாட்டினான். எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. நடந்த இடத்தைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

மஹியங்கனைக்கு அப்பால் மலை வளைவுகளில் வேன் ஊர்ந்தபோது, படுத்தபடியே சொன்னேன். "அண்டைக்கு வாயில வந்ததப் பேசிட்டன்டா."

"பேசுங்க மச்சான். தலைய மட்டும் ஆட்டாதீங்க," என்றான்.

கொழும்பில் கண் ஆஸ்பத்திரி. மருந்து விட்டுக் கண்மணியைப் பெரிதாக்குகிறார்கள். அதன் பிறகு நாலு மணித்தியாலத்துக்கு வெளிச்சம் என்றால் ஊசி. நீண்ட வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், எல்லோரும் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, பிறை பார்க்கும் கூட்டம் போல. பெரிய டொக்டர் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு, சின்னக் கம்பி ஒன்றால் இமைக்கு மேல் அழுத்தி அழுத்திப் பார்த்தார். வலிக்கும், ஆனால் தாங்கலாம். அவருக்குப் பக்கத்தில் நின்ற இளம் பெண் டொக்டருக்குத் தமிழ் தெரியும். அவர்தான் விளக்கினார்.

"கண்ணுக்குள்ள பின்பக்கச் சுவரில ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கு. விழித்திரை என்று சொல்லுவம். நீங்க பாக்கிற படம் விழுறது அதிலதான். அதில ஒரு ஓட்டை விழுந்திட்டுது. கண்ணுக்குள்ள இருக்கிற நீர் அந்த ஓட்டையால பின்னால போய், தோலைச் சுவரில இருந்து கழற்றிக்கொண்டு வருது. நீங்க கண்ட கறுப்பு, ஓட்டை விழேக்க கசிஞ்ச ரத்தம்."

"வலையில ஓட்ட விழுந்த மாதிரியா?"

"ஓம், அப்படித்தான்."

"அப்ப பொத்தலாம்தானே?"

அவர் சிரித்துவிட்டார். "பொத்தலாம். பொத்தினது பிடிக்குமா எண்டுதான் இப்ப சொல்ல ஏலாது. நடுப்பகுதி இன்னும் கழரல்ல. அது கழர முந்திச் செய்ய வேணும்."

மறுநாளே செய்தார்கள். ஓட்டை இருக்கும் இடத்தை வெளியிலிருந்து உறைய வைத்து, அந்தத் தழும்பில் தோல் ஒட்டும்படி செய்வார்கள். பிறகு கண் உருண்டையைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டி கட்டுவார்கள், இடுப்புச் சாரத்துக்கு மேல் பெல்ட் கட்டுவது போல. அந்தப் பட்டி சுவரை உள்ளே அழுத்தி, தோலுக்குப் பக்கத்தில் கொண்டுவரும். இன்றைக்கும் அது என் கண்ணில் இருக்கிறது. வெளியே தெரியாது. எனக்கு எதுவும் நினைவில்லை. கலிமாச் சொல்லத் தொடங்கியது நினைவிருக்கிறது, முடித்தேனா தெரியாது.

விழித்தபோது இருட்டு. ஒரு கண்ணை மட்டும் கட்டினால் மற்றக் கண் அங்குமிங்கும் ஓடும், அது ஓடினால் இதுவும் சேர்ந்து ஓடும் என்று இரண்டையும் கட்டிவிட்டார்கள். எட்டு நாள். அசையாமல் இருக்க வேண்டும், தும்மக் கூடாது, அழக் கூடாது. "மனச அமைதியா வச்சிருங்க," என்று அந்த இளம் டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். சொல்வது சுலபம். நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: கட்டு அவிழ்க்கும்போது கடல் தெரியாவிட்டால் நான் யார்? கயிறு இழுக்கவும் விடமாட்டார்கள், பாரம் தூக்கவும் விடமாட்டார்கள். கடல் பார்க்கிறவனுக்குக் கண் போனால் கரையில் அவனுக்கு இடமில்லை. என்னைப் பார்த்து முப்பது வீட்டில் உலை வைக்கிறார்கள்.

சுபைதா பார்வையாளர் நேரத்தில் வருவாள். மருதானையில் அவளுடைய சாச்சி மகள் வீட்டில் தங்கியிருந்தாள். சோற்றைப் பிசைந்து, மீனில் முள்ளெடுத்து, சின்னச் சின்னக் கவளமாக ஊட்டுவாள். நான் அழக் கூடாது என்று அவளும் அழமாட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும். கேட்டால், "தடிமன்," என்பாள்.

முதல் இரண்டு நாளும் பகல் எது, இரவு எது என்று தெரியவில்லை. கேட்டதெல்லாம் மழை. சளசளவென்று நிற்காத மழை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல், அதற்கு வெளியே பெய்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னேன், "என்ன மழ இது, ஓயுதில்லயே." அவர் பெயர் பியதாச. குருநாகல் பக்கத்து லொறி டிரைவர், கல் தெறித்து ஒரு கண்ணில் காயம். தமிழ் கொஞ்சம் பேசுவார்.

"மழை இல்ல நானா," என்றார். முஸ்லிம் ஆண்களைச் சிங்களவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நல்ல வெயில். அது மரம். போ மரம்."

அரச மரம். அரச இலைக்குக் காம்பு நீளம், அதனால் எவ்வளவு சின்னக் காற்றுக்கும் இலையோடு இலை அடித்துக்கொள்ளும். இரண்டு நாளாக வெயிலை மழை என்று கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நிழலையும் மீனையும் பிரித்துச் சொல்கிறவன், மழையையும் இலையையும் பிரித்துச் சொல்ல மாட்டேனா? அன்றைக்கு முழுக்க அந்த மரத்தைக் கேட்டேன். வேறு வேலை என்ன?

கேட்கக் கேட்கப் பிரிந்து வந்தது. காற்று மெல்ல வந்தால் ஒரு கிளையில் தொடங்கி அடுத்த கிளைக்குப் போகும். பலமாக வந்தால் மரம் முழுக்க ஒரே சத்தம். உண்மை மழை வருவதற்கு முன்னால் இலை சட்டென்று அடங்கும், காகம் வாயை மூடும், பிறகு ஈரக் காற்று ஒன்று முகத்தில் படும். விடியற்காலை சுபஹுக்குக் காகங்கள் சண்டையோடு எழும்பும். பத்து மணிக்கு அணில். நடுப்பகலில் ஒன்றுமில்லை. பின்னேரம் அஸர் தாண்டினால் மைனாக்கள் கூட்டமாக வந்து இடம் பிடிக்கும். எனக்கு மணிக்கூடு கிடைத்துவிட்டது. நாலாம் நாள், "கொஞ்சத்தில மழ வரும்," என்று சும்மா சொல்லி வைத்தேன். வந்தது. மறுநாளும் சொன்னேன், வந்தது. அதன் பிறகு நேர்ஸ் வராந்தாவில் துணி காயப்போடும்போது, "நானா, இன்னிக்கு எப்படி?" என்று கேட்கத் தொடங்கினாள். கண்ணைக் கட்டிக்கொண்டும் எனக்கு அதே வேலை!

சொல்லித்தான் ஆக வேண்டும், அந்த நாட்களில் ஒன்று எனக்குப் புரிந்தது. "சொல்ல ஏலாது" என்ற வார்த்தைக்கு நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் பகுதியில் எல்லாக் கேள்விக்கும் அதுதான் பதில். நாளைக்குக் கடல் விடுவார்களா, பஸ் ஓடுமா, போனவன் திரும்பி வருவானா? சொல்ல ஏலாது. ஆனால் இருபது வருடமாக, "காக்கா, இண்டைக்கு மீன் வருமா?" என்று என்னை அண்ணனாக்கிக் கேட்டவர்களுக்கு நானும் அதையேதானே சொன்னேன்? சொல்லிவிட்டு மேட்டில் குந்தி, பயமில்லாமல் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? மீனை யாரும் கூப்பிட முடியாது. வரும் வரைக்கும் கடலைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தக் குந்தியிருப்பு எனக்குப் பழக்கமானது. கட்டிலில் கிடந்து மரத்தைக் கேட்பதும் அதுவேதான். அதன் பிறகு நான் நன்றாகத் தூங்கினேன். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாக நேர்ஸும் சொன்னாள்.

தொழுகையை விடவில்லை. முகத்தில் தண்ணீர் படக் கூடாது, குனியக் கூடாது. நோயாளிக்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்தபடி சைகையால் தொழுதேன். ஆறாம் நாள் தொழுது முடித்ததும் பியதாச கேட்டார்.

"நானா, கோவிக்க வேணாம். வார்ட்டில மத்த நானா எல்லாம் ஜன்னல் பக்கம் பாத்துக் கும்புடறது. நீங்க மட்டும் சுவர் பக்கம். ஏன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, தலை அசையக் கூடாது என்பதையும் மறந்து. எங்கள் ஊரில் கடல் கிழக்கே. தொழும்போது நோக்க வேண்டிய கிப்லாவோ மேற்கே. தொழ நின்றால் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கடற்காற்று முதுகில் படும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஒப்பரேசன் முடிந்து புதுக் கட்டிலில் கிடத்தியபோது, ஜன்னல் வழியாக உப்புக் காற்று வந்தது. யோசிக்கவே இல்லை. காற்றுக்கு முதுகைக் கொடுத்துத் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கிவிட்டேன். கொழும்பில் கடல் மேற்கே என்று தெரியாதவனா நான்? தெரியும். என் முதுகுக்குத்தான் தெரியவில்லை.

ஆறு நாள் தொழுகை, ஆறு நாள் இறைஞ்சிக் கேட்ட துஆ, எல்லாம் தலைகீழ். எவ்வளவு சொல்லியும் மனம் ஆறவில்லை. பகல் சுபைதா வந்ததும் சொன்னேன். அவள் சிரித்தாள். வேனில் ஏறியதிலிருந்து அவள் சிரித்து நான் கேட்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கட்டில் குலுங்கியது.

"சிரிக்காத புள்ள. கேட்ட துஆ எல்லாம் எங்க போச்சோ."

"கண்ணக் கட்டி வச்சிரிக்கிறது அல்லாஹ்வுக்குத் தெரியாதா? தெரியாமச் செஞ்சதுக்கு என்ன," என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இஞ்ச பாருங்க, இஞ்ச இரிந்து கிழக்க பாத்தா எங்கட ஊர்தானே. ஆறு நாளும் எங்கட கடலப் பாத்துத்தான் கேட்டிரிக்கிங்க."

அதைக் கேட்டு அழாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று நடுப்பகல் லுஹரிலிருந்து ஜன்னலைப் பார்த்துத் தொழுதேன். காற்று முகத்தில் அடித்தது, பழக்கமில்லாமல் இருந்தது. எட்டாம் நாள் பெரிய டொக்டர் வந்து கட்டை அவிழ்த்தார். முதலில் பால் போல் வெளிச்சம், கண்ணீர். "எத்தின விரல்?" என்று பெண் டொக்டர் கேட்டார். மூன்று. அடுத்தது, ஒன்று. விரலின் ஓரம் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. மீன் கூட்டம் இல்லை. கீழே மறைத்திருந்த சாம்பலும் இல்லை. "பிடிச்சிட்டுது," என்றார் அவர். வலை பொத்துகிறவர்கள் சொல்வது போலவே சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்தேன். எட்டு நாள் காதால் பார்த்த மரம் கண்ணுக்கு முன்னால் நின்றது, நான் நினைத்ததைவிடப் பெரிது. பியதாச தன் நல்ல கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு மீசை இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் ஓய்வு. கரைக்குப் போகலாம், மேட்டில் ஏறக் கூடாது என்று சுபைதாவின் உத்தரவு. எனக்குப் பதிலாக ஹனீபா கடல் பார்த்தான். அவனுக்கு நிழலும் ஒன்று, மீனும் ஒன்று. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பேசும் தகுதியை நான் இழந்திருந்தேன்.

மாரி முடிந்து, கடல் அடங்கி, அடுத்த பருவம் தொடங்கிய அன்று ஹனீபா என் துவாயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். "போய்க் குந்துங்க மச்சான்." மேட்டில் ஏறினேன். கயிற்றுக்காரர்கள் எல்லோரும் கடலைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணித்தியாலம் ஒன்றுமில்லை. பிறகு தெற்கே, இரண்டாம் அலைக்கு அப்பால், தண்ணீர் கறுத்தது. மீன்தான் என்று மனம் சொன்னது. கை எழவில்லை. போன வருடமும் மனம் இதையேதான் சொன்னது. துவாய் வியர்வையில் நனைந்தது.

தலையை இடப்பக்கம் ஆட்டினேன். கறுப்பு ஆடவில்லை. வலப்பக்கம் ஆட்டினேன். ஆடவில்லை. திரும்பித் தென்னையைப் பார்த்தேன். தென்னைக்கு மேல் வெறும் வானம். மறுபடி கடலைப் பார்த்தேன். கறுப்பு வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது.

துவாயைத் தூக்கினேன். தோணி தண்ணீரில் இறங்கியது. ஹனீபா துடுப்பை ஊன்றிக்கொண்டு, கரை முழுக்கக் கேட்கும்படி திரும்பிக் கத்தினான்.

"மச்சான், தலைய ஆட்டிப் பாத்தீங்களா?"

"ஆட்டிட்டன்டா," என்றேன். "போ, மீன் ஒனக்காகக் காத்துக் கிடக்கு!"